கடற்பஞ்சு வந்த இடம்

எனக்கு நீந்தத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரிடமும் சொல்லாமலேயே நான் ஏழு வருடம் கடல் உயிரியல் படித்தேன்.

கொழும்பில் எங்கள் வெள்ளவத்தைக்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. எங்கள் வீடு மரைன் டிரைவிலிருந்து உள்ளே வரும் ஒழுங்கையில், நாலாம் மாடியில் இருக்கிறது. சமையலறை ஜன்னலால் பார்த்தால் இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்குக் கடல் தெரியும். எங்களைப் பொறுத்தவரை கடல் என்பது இரும்பைத் தின்னும் ஒரு பிராணி. பிரிட்ஜின் முதுகைத் தின்னும், ஜன்னல் கம்பியைத் தின்னும், போன வருடம் வாங்கிய மின்விசிறியைத் தின்னும். பின்னேரம் காற்று வாங்கப் போகிறவர்கள்கூடக் கடலுக்கு முதுகைக் காட்டியபடி மதிலில் இருந்து கச்சான் கொறித்துக்கொண்டு, போகிற வருகிறவர்களைத்தான் பார்ப்பார்கள். அம்மா இன்னும் ஒரு படி மேலே. கடைகள் இருக்கும் பக்கத்து நடைபாதையில்தான் நடப்பார். கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு முப்பது வயது வரை கடல் முழங்காலுக்கு மேலே ஏறியதில்லை.

பிறகு ஏன் கடல் உயிரியல் என்று கேட்பீர்கள். பல்கலைக்கழகத்தில் அந்தத் துறைக்குத்தான் இடம் கிடைத்தது. போன பிறகு, நுணுக்குக்காட்டியின் வழியாகக் கடலைப் பார்த்து மயங்கிவிட்டேன். அதற்கு நீச்சல் தேவைப்படவில்லை.

நான் ஆராய எடுத்துக்கொண்டது கடற்பஞ்சு. அது செடி என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் பிராணி. ஓடத் தெரியாது, கடிக்கத் தெரியாது, ஓடு கிடையாது, முள் என்று சொல்லக்கூடியதாகவும் பெரிதாக ஒன்றுமில்லை. பிறந்த கொஞ்ச நாளில் ஒரு கல்லில் ஒட்டிக்கொண்டு, சாகும்வரை அங்கேயே தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும். இப்படி ஒன்று இத்தனை வாய்கள் திறந்திருக்கும் கடலில் எப்படிப் பிழைக்கிறது? இரசாயனத்தால்தான். தன்னைத் தின்ன வருபவனுக்கும், தன்மேல் ஒட்டி வளர வருபவனுக்கும் ஆகாத பொருள்களை அது வைத்திருக்கிறது. அதில் பாதியை அதற்குள் குடியிருக்கும் பக்டீரியாக்களே செய்து கொடுக்கின்றன. அந்தப் பொருள்களில் ஒன்று ஒருநாள் மருந்தாகலாம். அந்த ‘ஒருநாள்’ என்ற சொல்லை நம்பித்தான் எங்களைப் போன்றவர்கள் வேலைக்குப் போகிறோம்.

ஆய்வுகூடத்தில் மற்ற மாணவர்கள் எல்லாரும் முகமூடியும் குழாயும் மாட்டிக்கொண்டு கடலில் இறங்குவார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு காரணம் இருந்தது. தடிமன், கண் நோ, காதடைப்பு. ஒருமுறை விரதம் என்றேன். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு சிங்களப் பெண்மணி. நாங்கள் மெடம் என்போம், அவர் எங்களைத் ‘துவ’, மகளே, என்பார். விரதத்துக்கும் குளிப்பதற்கும் என்ன பகை என்று அவர் கேட்கவில்லை. மற்றவர்களுடைய விரதங்களுக்கு அவ்வளவு மரியாதை.

மாதிரிகள் இல்லாமல் ஆய்வு இல்லை. அதற்கு எனக்குக் கைகொடுத்தவர் மீன்காரர்.

எங்கள் ஒழுங்கைக்கு வாரத்தில் மூன்று நாள் மீன் கொண்டுவருபவர் கொட்டாஞ்சேனைக்காரர். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் அந்தோனியார் பதக்கம். விடியற்காலையில் மைத்துனரோடு முகத்துவாரத்திலிருந்து படகில் போய், கடலடியில் விரித்த வலையை இழுத்து, மீனைப் பெட்டியில் போட்டு, பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் எங்கள் வாசலில் நிற்பார். அவருக்கும் அம்மாவுக்கும் நடப்பதை விலை பேசுவது என்று சொல்ல முடியாது. புதுக்கடை நீதிமன்றத்தில் நடக்கும் வழக்குகள்கூட அதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்படி ஒரு விசாரணையின் நடுவில்தான் அவர் அலுத்துக்கொண்டார்.

“வலை முழுக்கப் பஞ்சுக் குப்பை மிஸ். கழட்டவே ஒரு மணித்தியாலம் போகுது.”

“அந்தக் குப்பையை எனக்குக் கொண்டு வாங்கோ அண்ணன்.”

அம்மா விடவில்லை. “இனிக் குப்பையையும் உம்மட்டைத்தான் வாங்கப் போறம் தம்பி. அப்ப மீனிலை குறைக்கத்தானே வேணும்?”

அன்றிலிருந்து மீன் பெட்டியின் மூலையில் கடல்நீரும் ஐஸும் போட்ட ஒரு பை எனக்காக வரும். நான் அதை முச்சக்கர வண்டியில் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவேன். அங்கே மாதிரிச் சீட்டில் நிரப்ப நாலு வரி உண்டு: சேகரித்த இடம், ஆழம், திகதி, சேகரித்தவர். முதல் நாள் பேனையைப் பிடித்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் யோசித்தது உண்மை. பிறகு எழுதினேன்: வெள்ளவத்தைக் கற்பாறை, இரண்டு மீட்டர். சேகரித்தவர் என்ற இடத்தில் என்னுடைய பெயர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

மூன்று பைகளால் ஒரு பயனும் இல்லை. நாலாவதில் கருகிய பிட்டுப் போல ஒரு கடற்பஞ்சு வந்தது. அதை அரைத்து, கடல்நீர் கலந்த அகார் தட்டில் பூசினேன். அகார் என்றால் வேறொன்றுமில்லை, நோன்புக் காலத்தில் பக்கத்து வீட்டிலிருந்து வண்ண வண்ணமாக வருமே, அதே கடற்பாசிதான். நாங்கள் பக்டீரியாவுக்குப் பரிமாறுவதில் சீனி போடுவதில்லை, அவ்வளவுதான். அதில் வளர்ந்த பக்டீரியாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஆஸ்பத்திரிப் புண்களில் குடியிருந்துகொண்டு எந்த மருந்துக்கும் மசியாத ஒரு கிருமியின் நடுவில் வைத்தேன். மறுநாள் தட்டு முழுக்க அந்தக் கிருமி பாலாடையாகப் படர்ந்திருந்தது. ஒரே ஒரு பொட்டைச் சுற்றி மட்டும் சுத்தமான வட்டம். கிருமி அந்த எல்லைக்குள் கால் வைக்கவில்லை. நான் தனியாக நின்று கைதட்டினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கலியாணம் நடந்திருந்தாலும் வந்திருக்காது என்று அம்மாவிடம் சொன்னேன். அதை அவர் நல்ல செய்தியாக எடுக்கவில்லை.

நல்ல செய்தி பிறகு வந்தது. வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று அந்தப் பக்டீரியாவைப் பார்க்க விரும்பியது. அதோடு நானும் போய் ஆறு மாதம் அங்கே வேலை செய்யலாம். அம்மா அன்றே ஒழுங்கை முழுவதற்கும் அறிவித்தார். ஒரு சங்கதி அம்மாவின் காதில் விழுந்தால் மீன் பொரிந்து முடிவதற்குள் கடைசி வீட்டுக்குப் போய்விடும். மறுநாள் புறக்கோட்டைக்குப் போய், முன்பக்கம் மான் போட்ட ஒரு ஸ்வெட்டரும் வாங்கி வந்தார். கொழும்பு வெக்கையில் அதை எனக்குப் போட்டுப் பார்த்து, கண் கலங்கினார். எனக்கும் கலங்கியது, வியர்வையில்.

பிறகு இரண்டு சிக்கல்கள் சேர்ந்து வந்தன. முதலாவது, என் பக்டீரியா சோம்பேறியாகிவிட்டது. கடலில் அதைச் சுற்றிலும் எதிரிகள் இருந்தார்கள், வேலை செய்தது. தட்டில் வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைத்ததும் அரச உத்தியோகம் உறுதியான மாப்பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டது. வட்டம் சுருங்கிச் சுருங்கி இல்லாமல் போனது. அதே இடத்திலிருந்து புதிதாக ஒரு கடற்பஞ்சு எடுத்தால்தான் மீட்கலாம். இரண்டாவது, வெளிநாட்டார் ஒரு படிவம் அனுப்பினார்கள். எந்த இடத்தில், யார், யாருடைய சம்மதத்தோடு எடுத்தது என்று துல்லியமாக எழுதவேண்டும். ஒரு காலத்தில் கேட்காமல் கொள்ளாமல் அடுத்தவன் கடலிலிருந்து அள்ளிப்போனார்கள், அதனால்தான் இந்தக் கடுதாசி, இது நம்மைக் காப்பாற்ற வந்தது என்றார் மெடம். அவர் சொன்னது சரி. என்னைக் காப்பாற்ற அது வரவில்லை.

“சனிக்கிழமை கடல் அமைதியாம்” என்றார் அவர், ஒரு செவ்வாய்க்கிழமை. “எல்லாரும் உன்னுடைய வெள்ளவத்தைப் பாறைக்கே போவோம். நீ இறங்கி இடத்தைக் காட்டு, துவ.”

அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

புதன்கிழமை மீன்காரரிடம், அந்தக் கருகிய பஞ்சு எங்கே எடுத்தது என்று கேட்டேன். பாரை மீனைப் புரட்டிக் காட்டியபடி, “அதுவா? காக்கைதீவுப் பக்கம் மிஸ்” என்றார். வெள்ளிக்கிழமை நிச்சயப்படுத்த மறுபடி கேட்டேன். “பாணந்துறைக்கு நேரே, வெளிய.” காக்கைதீவு முகத்துவாரத்துக்குப் பக்கம், பாணந்துறை தெற்கே வெகு தூரம்.

அம்மா மீனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். “விடிய முகத்துவாரத்திலை ஏறி, பாணந்துறையிலை வலை இழுத்து, பத்து மணிக்கு இஞ்சை நிக்கிறீர். இடையிலை இரத்மலானையிலை பிளேன் பிடிச்சனீரோ தம்பி?”

மீன்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார். முகம் மாறியது.

“சொல்ல ஏலா மிஸ். கோவிக்க வேணாம். அது என் மாமனார் கண்டுபிடிச்ச கல்லு. நானும் மச்சானும் மட்டும்தான் போவோம். யாரு கேட்டாலும் காக்கைதீவுன்னுதான் சொல்லுவோம். நான் பாவசங்கீர்த்தனத்துலகூட அந்த இடத்தச் சொன்னதில்ல.”

“சுவாமியாரிட்டையுமா?” என்றேன்.

“அவருக்கும் தூண்டில் ஆசை இருக்கு மிஸ்.”

சிரிப்பு வந்தாலும் எனக்குக் கோபம்தான் முன்னுக்கு நின்றது. என் ஆறு மாதமும் என் பெயரும் இவருடைய ஒரு கல்லில் தொங்குகிறதே என்று கோபம். கேட்டுவிட்டேன், அப்படி என்ன இரகசியம் என்று. அவர் பொறுமையாகச் சொன்னார். இடம் வெளியே தெரிந்தால் ஒரு கிழமையில் முடிந்துவிடும். வெளிச்சம் போட்டு மீன் பிடிக்கிறவர்கள் வருவார்கள், கடல் அட்டைக்கு மூழ்குகிறவர்கள் வருவார்கள், கண்ணாடித் தொட்டிக்கு வண்ண மீன் பிடிக்கிறவர்கள் வருவார்கள். வேறு எங்கும் மீன் படாத மாதங்களில் அந்தக் கல்தான் அவருடைய வீட்டில் உலை வைக்கிறது. பெரிய மகள் உயர்தரம் படிக்கிறாள்.

அதற்குமேல் நான் என்ன கேட்பது? வேறு வழியில்லாமல் என் கதையைச் சொன்னேன். சீட்டில் வெள்ளவத்தை என்று எழுதியது, அவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் என் பெயரைப் போட்டது, நீந்தத் தெரியாதது, எல்லாம். அவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பெட்டி அதிரச் சிரித்தார்.

“அப்ப மிஸ்ஸும் நம்ம ஆள்தான்!”

எனக்கு அந்தச் சிரிப்பு சுட்டது. அவர் பொய் சொன்னது ஒரு கல்லைக் காப்பாற்ற. நான் சொன்னது என் வெட்கத்தைக் காப்பாற்ற. அன்று பின்னேரமே மெடத்தின் அறைக்குப் போனேன். முழுக நனைந்தவளுக்குக் கூதல் என்ன என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. பதிவுப் புத்தகத்தை எடுத்து, என்னுடைய வரிகளைச் சிவப்புப் பேனையால் ஒவ்வொன்றாகக் கோடு கீறி, பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். கடைசிக் கையெழுத்து முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

“ஏழு வருடமாகவா நீந்தத் தெரியாது?”

“பிறந்ததிலிருந்தே, மெடம்.”

அவர் உதடு கொஞ்சம் துடித்தது. ஆனாலும் குரல் இறங்கவில்லை. “இந்தப் பக்டீரியாவுக்கு இப்போது ஊரும் இல்லை, பேரும் இல்லை. ஊர் பேர் கொண்டுவா. இல்லாவிட்டால் இது எங்கேயும் போகாது, நீயும் போகமாட்டாய்.”

சனிக்கிழமை யாரும் பாறைக்குப் போகவில்லை. திங்கட்கிழமை மீன்காரர் வந்ததும் விலை சொல்வதற்கு முன்னால் என்னைக் கேட்டார். “மெடத்துக்குச் சொன்னீங்களா?”

“ஓம்.”

“அடிச்சாங்களா?”

“இல்லை அண்ணன். சிவப்புப் பேனையாலை கோடு கீறினவ.”

“அது அடியவிட மோசம்” என்றபடி அவர் ஐஸைக் கிளறினார். பிறகு மெதுவாகச் சொன்னார். “நாளைக்கு விடிய வாங்க, கூட்டிட்டுப் போறேன். போன் கொண்டு வர வேணாம். மேப்புக் காட்டுற சாமான் ஒண்ணும் வேணாம்.”

அம்மா குறுக்கே பாய்வார் என்று எதிர்பார்த்தேன். பாயவில்லை, தானும் வருவேன் என்றார். விடிவதற்கு முன் தேசிக்காய், பொலித்தீன் பை, துவாய், விபூதிப் பை எல்லாம் எடுத்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் ஏறினார். முகத்துவாரக் கரையில் மீன்காரரின் மனைவி ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டுக் கொடுக்க, அதில் இருந்து, கடலை முதன்முறையாக நேருக்கு நேர் பார்த்தார். “என்ரை பிள்ளையைத் திருப்பிக் கொண்டு வாரும் தம்பி” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு தடவை அவர் பேரம் பேசவில்லை.

பல்கலைக்கழகத்தின் செம்மஞ்சள் மிதவை அங்கியை ஏழு வருடத்தில் முதல் தடவையாக நான் போட்டேன். துறைமுகத்து அலைத்தடுப்பைத் தாண்டியதும் என் வயிறு தன்னுடைய ஆய்வைத் தொடங்கிவிட்டது. படகு எந்தத் திசையில் திரும்பியது, எவ்வளவு நேரம் ஓடியது, ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்த கடல் ஒரு நீல வாளிக்குள் இருந்தது. மைத்துனர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மணந்து பார்க்கச் சொல்லித் தேசிக்காய் நீட்டினார்.

“வந்தாச்சு மிஸ்” என்ற குரல் கேட்டு வலையைப் பார்த்தேன். கண்ணிகளுக்குள் சிக்கி ஒரு கடற்பஞ்சு மேலே வந்துகொண்டிருந்தது. என்னுடைய கருகிய பிட்டு. ஆனால் அது கருகியிருக்கவில்லை. உயிரோடு அது நல்ல குங்கும நிறம். அதன் துளைகளிலிருந்து தண்ணீர் வடிய வடிய, நூல்போலக் கால்களுள்ள நட்சத்திர மீன்கள் ஊர்ந்து வந்தன. நகத்தளவு நண்டு ஒன்று எட்டிப் பார்த்து மறுபடி உள்ளே போனது. பெயர் தெரியாத ஒரு வெள்ளைப் புழு சுருண்டது. இத்தனை நாளும் நான் அரைத்தது ஒரு பிணத்தை. கூச்சமில்லாமல் சொல்கிறேன், படகில் இருந்து அழுதேன்.

“நம்ம தோட்டம் மாதிரிதான் மிஸ்” என்றார் அவர், கொட்டாஞ்சேனையில் தன் நெருக்கமான குடியிருப்பை நினைத்து. “ஒரு வீட்டுக்குள்ள பத்துக் குடும்பம்.”

உள்ளங்கையளவு துண்டு ஒன்றை வெட்டி, கடல்நீர் நிரப்பிய வேறொரு வாளிக்குள் போட்டுக்கொண்டேன். மிச்சத்தை, குடியிருந்தவர்களோடு, அவர் திரும்பக் கடலில் இறக்கினார். இனி என் நீல வாளிக்குள் தலையை விடலாம் என்று குனிந்தபோது, அவர் என் தோளைத் தட்டினார்.

“இப்பத் தலையத் தூக்குங்க மிஸ். கரையப் பாருங்க.”

பார்த்தேன். அவர் இரண்டு அடையாளங்களைக் காட்டினார். ஒன்றுக்கு நேர் பின்னால் மற்றது வரவேண்டும். அவை எவை என்று இங்கே எழுதப்போவதில்லை. மைத்துனர் திடுக்கிட்டு அவரைப் பார்த்தார்.

“நீங்க உங்க மெடத்துக்கிட்ட உண்மையச் சொல்லிட்டீங்க. நான் உங்களுக்குச் சொல்லிட்டேன்” என்றார் அவர். “இனி எழுதுறதும் விடுறதும் மிஸ்ட விருப்பம்.”

கரையில் அம்மா என்னைத் துவாயால் துடைத்துத் துடைத்துத் தோலை உரித்தார். ஆய்வுகூடத்தில் நாலாம் நாள் வட்டம் திரும்பி வந்தது, முன்னதைவிடப் பெரிதாக. படிவத்தை விரித்துவைத்துக்கொண்டு நான் இரண்டு பின்னேரங்கள் இருந்தேன். எழுதினால் ஆறு மாதம், ஸ்வெட்டர், பனி. எழுதாவிட்டால் இதே முச்சக்கர வண்டி. எழுதத்தான் ஆசைப்பட்டேன், அதை மறைக்கவில்லை. ஆனால் பேனையை எடுக்கும்போதெல்லாம் அந்த நகத்தளவு நண்டு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

சேகரித்தவர் என்ற இடத்தில் மீன்காரரின் பெயரை, அடையாள அட்டையில் இருக்கிறபடி முழுதாக எழுதினேன். இடம்: கொழும்புக் கரையோரம், சரியான இடம் சேகரித்தவருக்குச் சொந்தமான இரகசியம். மெடம் வாசித்தார்.

“இதைத் திருப்பி அனுப்புவார்கள், துவ.”

“தெரியும் மெடம்.”

“உனக்கு இடம் தெரியுமா?”

“தெரியும் மெடம்.”

அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். சிவப்புப் பேனையால் அல்ல.

திருப்பித்தான் அனுப்பினார்கள். ஆறு மாதமும் போனது. வலித்தது. என் பட்டத்துக்கு அந்தப் படிவம் தேவைப்படவில்லை. பட்டம் ஒரு வருடம் பிந்திக் கிடைத்தது. பக்டீரியா எங்கள் ஆழ்குளிர்ப் பெட்டியில், மீன்காரரின் பெயர் எழுதிய சீட்டோடு தூங்குகிறது. இங்கேயே அதைப் படிக்கிறோம், மெதுவாக. ஸ்வெட்டரின் மான் அலுமாரியில் பூச்சி உருண்டையோடு இருக்கிறது. நடந்ததைக் கேட்ட மீன்காரர் நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை. அன்றைய மீனை அம்மா கேட்ட முதல் விலைக்கே கொடுத்துவிட்டுப் போனார். அம்மா பயந்துபோய், மீன் பழசோ என்று செவுளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த மீனைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா என் பக்கம் திரும்பாமல் கேட்டார். “எடி, உண்மையைச் சொல்லு. அந்தத் தம்பி உனக்கு இடத்தைக் காட்டினதோ?”

“ஓம் அம்மா.”

தண்ணீர்க் குழாய் மூடப்பட்டது. “எங்கையடி?”

ஜன்னலில் தெரிந்த ஒரு சாண் கடலை நான் பார்த்தேன்.

“காக்கைதீவுப் பக்கம்” என்றேன்.